நிமிர்த்தி வைத்தது

பத்து நிமிடம் என்றார் முசியே மொரான். ஒன்பதும் இல்லை, பதினொன்றும் இல்லை. முப்பத்தெட்டு வருடம் ரயில்வேயில் கால அட்டவணை போட்ட மனிதருக்குப் பத்து என்றால் பத்துதான். முட்டை அவிக்கும்போது திருகி வைக்கிற தக்காளிக் கடிகாரத்தைத் திருகி மேஜைமேல் வைத்துவிட்டேன், அது டிக் டிக் என்று என் உயிரை எடுக்கிறது. பக்கத்தில் இரண்டு கண்ணாடிக் கோப்பை, இரண்டிலும் இரண்டு விரல் உயரத்துக்கு வைன், குடிக்கும் முன் அது பத்து நிமிடம் கோப்பையில் ஆற வேண்டுமாம், அதற்குப் பக்கத்தில் அந்த பாட்டில். பாட்டிலைப் பார்க்காதே மத்தில்டா, ஜன்னலைப் பார். ஞாயிற்றுக்கிழமை, மணி பதினொன்றரை, எதிர்க்கட்டடத்துப் பால்கனியில் ஒருத்தி போர்வையை உதறுகிறாள், அவளுக்கென்ன, அவள் யாருடைய பாட்டிலையும் கொன்றிருக்க மாட்டாள். நான் கொன்றேனா இல்லையா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தன் கோப்பையைக் கண்ணால் மட்டும் குடித்துக்கொண்டிருக்கிறார். பாவம், கண்ணால்தான் முடியும். இரண்டரை வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து குளியலறையில் விழுந்தார். வாதம் விழுங்குகிற சக்தியைக் கொண்டுபோயிற்று, விழுந்தபோது பின்மண்டையில் பட்ட அடி மோப்பத்தைக் கொண்டுபோயிற்று. தண்ணீரைக்கூடத் தூள் போட்டுக் கெட்டியாக்கி ஸ்பூனில்தான் ஊட்ட வேண்டும், இல்லாவிட்டால் நேரே நுரையீரலுக்குள் போய்விடும். இந்த வைனிலும் அந்தத் தூளைப் போட்டுக் கொஞ்சம் தரட்டுமா என்று நேற்றுக் கேட்டேன். ஒரு பார்வை பார்த்தார். “அதை நான் செத்தப்புறம் போடுங்க மதாம்” என்றார். அவர் பேசுவது பிரெஞ்சு, என் தலைக்குள் வந்து விழும்போது புதுச்சேரித் தமிழாகிவிடும், இருபத்தாறு வருடமாக இந்த நாட்டில் இப்படித்தான் காலம் தள்ளுகிறேன். ஆக, அவர் குடிக்க முடியாது. நான் குடிக்க வேண்டும். குடித்து, என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவர் மடியில் அந்தச் சிவப்பு அட்டை நோட்டு விரித்துக் கிடக்கிறது.

அந்த நோட்டைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வைனுக்குப் பேர்போன போர்தோ பக்கத்திலிருந்து பன்னிரண்டு பாட்டில் உள்ள ஒரு பெட்டியை அவரும் அவர் மனைவி ஒதீலும் வாங்கி வந்தார்களாம், முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இரண்டு வருடத்துக்கு ஒன்று, மூன்று வருடத்துக்கு ஒன்று என்று திறப்பார்கள். அவர் சொல்லச் சொல்ல அந்த அம்மா எழுதுவார். பக்கத்தில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணை முதலிலேயே போட்டு, இடம் விட்டு வைத்திருக்கிறார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. நாலாவதற்கு, ‘முரட்டுப் பயல், வாயைப் பிடித்து இழுக்கிறான்.’ ஏழாவதற்கு, ‘கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.’ பதினொன்றாவதற்கு, ‘வந்துகொண்டிருக்கிறது. அடுத்தது நிச்சயம்.’ அந்த வரியை எழுதிய குளிர்காலத்திலேயே ஒதீல் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். பன்னிரண்டு என்ற எண்ணுக்கு எதிரே ஒன்றும் இல்லை. செத்துப்போனவளின் கையெழுத்தில் ஒரு எண் காத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன், நேற்று. இந்த ஆண்டுதான் அது பழுக்கிற ஆண்டு என்று அவர் கணக்கு. அதற்கு முன்னால் தொட்டால் அவசரம், விட்டால் இறங்கிவிடும். அதனால் நேற்றுக் காலை என்னைக் கீழ்த்தளத்து நிலவறைக்கு அனுப்பினார். பாட்டிலை ஆட்டாமல் கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: “முப்பது வருஷம் படுத்தே கிடந்துச்சு. ஒரு நாள் நிக்கட்டும். மண்டியெல்லாம் அடியில இறங்கிடும்.” எதற்குப் படுத்துக் கிடக்க வேண்டும் என்று நான் கேட்டேன், கேட்காமலே இருந்திருக்கலாம். “கார்க் நனைஞ்சே இருக்கணும் மதாம். நிமிர்த்தி வச்சா காஞ்சு சுருங்கிடும். காத்து உள்ள போயி வைன் செத்துடும்.” என் கையில் அவருடைய காலை மாத்திரைகள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எண்ணி டப்பாவில் போட்டேன், ஒன்றுகூடத் தவறவில்லை, கை அதுபாட்டுக்கு வேலை செய்தது, அவர் முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏனென்றால் அது படுத்துக் கிடக்கவில்லை. நான் வேலைக்கு வந்த முதல் மாதமே நிலவறையைப் பெருக்கப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை, என் புத்திதான். மண் தரை, ஈரம், ஒட்டடை, மரத் தட்டில் இந்தப் பன்னிரண்டாவதோடு சேர்த்து, வேறு வேறு வைனாக முப்பத்தொரு பாட்டில் கிடந்தது, எல்லாம் மல்லாந்து கிடந்தது. பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றையும் துடைத்து நிமிர்த்தி, லேபிள் வெளியே தெரிகிற மாதிரி வரிசையாக வைத்துவிட்டு, மேலே வந்து கை கழுவினேன். பெரிய வேலை முடித்த திருப்தி வேறு. முப்பது வருடம் தூங்கின ஒன்றை எழுப்பி இரண்டு வருடம் நிற்க வைத்திருக்கிறேன், தண்டனை கொடுத்த மாதிரி. ஏன் அப்படிச் செய்தாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? என் வீட்டுக்காரர் ரெமியைச் சொல்ல வேண்டும். அவர் பாட்டில் புதுச்சேரியில் கட்டிலுக்கு அடியில், பிறகு இங்கே வந்தும் கட்டிலுக்கு அடியில்தான். பெருக்கும்போது துடைப்பம் பட்டால் பாட்டில் உருளும். நிற்கிற பாட்டில் என்றால் இன்னும் சரக்கு இருக்கிறது, ராத்திரி ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. படுத்திருக்கிற பாட்டில் என்றால் எல்லாம் உள்ளே போயாயிற்று, இனி அவர் வருவதற்குள் பிள்ளையைத் தூங்க வைத்துவிட வேண்டும். பதினெட்டு வருடம் இதைப் படித்தே குடும்பம் நடத்தினேன். யாராவது விருந்தாளி வந்தால் படுத்ததையெல்லாம் நிமிர்த்தி வைப்பேன், ஏதோ எண்ணெய் பாட்டில்போல இருக்கட்டும் என்று. ரெமி போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, கல்லீரல். கைக்கு மட்டும் அவர் இன்னும் சாகவில்லை. அந்த நிலவறையில் என் கை அவருடைய பாட்டில்களைத்தான் நிமிர்த்தியது. இதை ஒரு ரயில்வே மனிதரிடம் எப்படிச் சொல்வது?

சொல்லவே வேண்டாம் என்கிறாள் விக்தோரின். காலையில் பஸ்ஸில் வரும்போது தங்கச்சிக்குப் போன் போட்டேன், புதுச்சேரியில் அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், குழாய்ச் சத்தம் கேட்டது. “என்னாக்கா இது, பெரிய கொலை பண்ணிட்ட மாரி பேசுற. அந்தாளுக்கு மோப்பமும் இல்ல, குடிக்கவும் முடியாது. நல்லா இருக்கு முசியேன்னு ஒரு வார்த்த. முடிஞ்சிது கத” என்றாள். “அதுக்கில்லடி, அந்த நோட்டுல எழுதணும்” என்றேன். “எழுதேன், காசா பணமா” என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான். நான் தினமும் பொய்தானே சொல்கிறேன். கேரட் கூழை ஒரு ஸ்பூன் நானும் வாயில் வைத்து, ஆகா நல்லா இருக்கு முசியே என்கிறேன், அவரும் வாயைத் திறக்கிறார், மதியம் கழிகிறது. உண்மையைச் சொன்னால் புதன்கிழமை அவர் மகள் சொலாஞ்ச் வருவாள். எனக்கு முன்னால் இருந்தவளை ஒரே ஒரு கம்பளிச் சட்டையை வெந்நீரில் போட்டதற்கு அனுப்பிவிட்டாள். சட்டைக்கே அப்படி என்றால் அம்மாவின் கடைசி பாட்டிலுக்கு? ஐம்பத்தேழு வயதில் இன்னொரு வீடு, இன்னொரு கிழவர், இன்னொரு கழிப்பறையின் பிடி எங்கே இருக்கிறது என்று முதலிலிருந்து படிக்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. முடிவெட்டும்போது இவர் காதைப் பிடித்துக்கொண்டு “மெதுவா, இதுக்கு மாத்துக் காது கிடையாது” என்பாரே, அது போய்விடும். எனக்கு இந்த மனிதரைப் பிடிக்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் முன் கார்க்கை எடுக்கும்போதே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. இரண்டு தகடு வைத்த திறப்பானை இரண்டு பக்கமும் செருகி, ஆட்டி ஆட்டி இழுங்கள் என்றார். மேல்பாதி தூளாக உதிர்ந்தது. அடிப்பாதி வந்தபோது அதை வாங்கிப் பார்த்தார், மூக்கருகே கொண்டு போனார், பழக்கம், பிறகு கையை இறக்கிவிட்டார். “வயசான கார்க் இப்படித்தான் உடையும்” என்றார். வயசா முசியே, வயசா இல்லை நானா?

“நிறம் பாருங்க” என்கிறார் இப்போது. கோப்பையைச் சாய்த்து வெள்ளைத் துணிக்கு எதிரே பிடிக்கச் சொல்கிறார். நடுவில் மாதுளைச் சிவப்பு, ஓரத்துக்கு வர வர அது வெளுத்து, செங்கல், அப்புறம் கொஞ்சம் ஆரஞ்சு. “வந்திருக்கு” என்கிறார், முகம் மலர்கிறது, உடனே மூடிக்கொள்கிறது. “ஆனா நிறம் பொய் சொல்லும். செத்த வைனும் இந்த நிறத்துலதான் இருக்கும்.” எதற்கு முசியே இப்போது அதைச் சொல்கிறீர்கள்? தக்காளிக் கடிகாரத்தில் இன்னும் மூன்று கோடு. நான் வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. கோயிலில்கூட சாமியார்தான் குடிப்பார், நமக்கு அப்பம் மட்டும். ரெமியின் வாயிலிருந்து வருகிற வாடைதான் எனக்குத் தெரிந்த குடி. அது நெஞ்சைப் பிரட்டும், புளித்த, பெயின்டில் கலக்குகிற தின்னர் மாதிரி ஒன்று. அதுவே இதிலும் இருந்தால்? இருந்தால் அது செத்ததா, இல்லை குடி என்றாலே அப்படித்தானா, எனக்கு எப்படித் தெரியும்? வினிகர் எப்படி இருக்கும் என்று தெரியும், காலையில் சாலட்டுக்கான பாட்டிலைத் திறந்து முகர்ந்து பழகிக்கொண்டேன், பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி. காற்றுப்பட்டுச் செத்தால் வினிகர் வாடையோ, ஈர அட்டைப்பெட்டி வாடையோ, அழுகின ஆப்பிள் வாடையோ வரும் என்றார் நேற்று. நான் மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். அப்பனே, புனித அந்தோணியாரே, தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் நீங்கள், இது தொலைந்ததா என்று மட்டும் சொல்லுங்கள். கடிகாரம் அடித்தது. நான் துள்ளிவிட்டேன், கோப்பை மட்டும் சிந்தவில்லை. “முதல்ல ஆட்டாம முகருங்க” என்றார்.

மூக்கை உள்ளே விட்டேன். வினிகர் இல்லை. அட்டைப்பெட்டி இல்லை. அழுகின ஆப்பிள்... இரு, அவசரப்படாதே, இல்லை. முதலில் ஒன்றுமே இல்லை போலிருந்தது, பயந்துவிட்டேன், பிறகு அது மெல்ல எழுந்து வந்தது. மழை பெய்து விட்ட மறுநாள் தாவரவியல் பூங்காவில் மரத்தடிச் சருகைக் காலால் தள்ளினால் கீழே இருந்து வருமே, அந்த வாசனை. அதற்குள்ளே என் மாமனாரின் பட்டாளத்து பெல்ட், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எண்ணெய் போட்டுத் தேய்ப்பார், அந்தத் தோல் வாசனை. கோயிலில் பூசை அங்கி தொங்குகிற மர அலமாரியின் உள்பக்கம். மெழுகுதிரியை ஊதி அணைத்த பிறகு நிற்கிற புகையில் கொஞ்சம். எனக்கு ரெமி வரவேண்டும், வருவார் என்று காத்திருக்கிறேன், வரவில்லை. தேடிப் பார்த்தேன், கோப்பையின் அடிவரை தேடினேன், அவர் அங்கே இல்லை. குடித்தேன். ஒரு வாய். நாக்கில் வைத்து, விழுங்காமல், அவர் சொல்லிக்கொடுத்தபடி கொஞ்சம் காற்றை உறிஞ்சினேன், அசிங்கமான சத்தம் வந்தது, எங்களைத் தவிர யார் இருக்கிறார்கள். நாவல் பழம், ஆனால் காய்ந்த நாவல் பழம், அப்படி ஒன்றை நான் பார்த்ததுகூட இல்லை, இருந்தால் இப்படித்தான் இருக்கும். உலர்ந்த அத்தி. ஒரு துளி இரும்பு, அடிபம்பில் வாய் வைத்துக் குடித்தால் உதட்டில் படுமே, அது. புளிப்பு இருந்தது, கெட்ட புளிப்பு இல்லை, ரசத்தில் இருக்கிற மாதிரி, எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துகிற புளிப்பு. முரட்டுப் பயல் எங்கே? வாயை யாரும் பிடித்து இழுக்கவில்லை. எல்லாம் மெத்தென்று ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார்ந்திருந்தது. விழுங்கினேன். போய்விட்டது என்று நினைத்தேன், போகவில்லை, ஒன்று, இரண்டு, மூன்று, நான் மனதுக்குள் எண்ணுகிறேன், இருபதுவரை எண்ணினேன், இன்னும் வாயில் இருக்கிறது. உயிரோடு இருக்கிறது. நான் கொல்லவில்லை. இரண்டு வருடம் நிற்க வைத்தும் சாகாமல் இருந்திருக்கிறது, என்ன நெஞ்சழுத்தம். எனக்கு அழுகை வந்தது, உடனே ஒரு கோபமும் வந்தது, ரெமிமேல். பதினெட்டு வருடம் குடித்தீரே ஐயா, குடும்பத்தையே குடித்தீரே, அதில் ஒரு நாளாவது இது இருந்ததா? இருந்திருக்காது. எதையும் வாயில் நிறுத்தியவர் இல்லை அவர். பாவம் என்று முதல்முறையாகத் தோன்றியது, தோன்றியதற்காக எரிச்சலாகவும் இருந்தது.

“என்ன?” என்றார் முசியே மொரான். சக்கர நாற்காலியின் கைப்பிடியை நல்ல கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். “நல்லா இருக்கு முசியே” என்றேன். என் வாயிலிருந்து வந்ததும் எனக்கே கேட்டது, அது கேரட் கூழ்க் குரல். அவர் சிரித்தார், ஆனால் கண் சிரிக்கவில்லை. “கூழையும் இப்படித்தான் சொல்றீங்க மதாம்.” இல்லை இல்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன், சருகு, பெல்ட், அலமாரி, நாவல் பழத்துக்குப் பிரெஞ்சில் பேர் தெரியாமல் கையால் காட்டினேன், இருபது எண்ணினேன் என்றேன். நான் பேசப் பேச அவர் தலை மெதுவாகத் தாழ்ந்தது. “அழகா சொல்றீங்க. ஒதீல்கூட இப்படிச் சொல்ல மாட்டா” என்றார். பிறகு, “நீங்க நல்ல மனசுக்காரி. வினிகரா இருந்திருந்தாலும் எனக்காக இதையேதான் சொல்லியிருப்பீங்க. நன்றி” என்றார். நன்றி சொல்லிவிட்டு நோட்டை மூடினார். பன்னிரண்டு உள்ளே போய்விட்டது.

அட கடவுளே. இது என்ன கூத்து. பொய் சொல்லத் துணிந்து வந்தேன், உண்மை வாயில் வந்து உட்கார்ந்தது, அதை நம்ப ஆளில்லை. இரண்டு வருடமாக ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டின பொய் எல்லாம் இப்போது வந்து வாசலில் நிற்கிறது. விட்டுவிடலாம். நான் தப்பித்துவிட்டேன், அதை முதலில் புரிந்துகொள் மத்தில்டா. பாட்டில் சாகவில்லை, நிலவறைக்கு அவர் இனி இறங்கப் போவதில்லை, சொலாஞ்சுக்கு வைன் பிடிக்காது, ஒருவருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. ஆனால் அவர் இதை ஒரு நல்ல மனசுக்காரி சொன்ன ஆறுதலாக எடுத்துக்கொண்டு போய்ச் சேருவார். ஒதீல் அம்மா விட்ட இடம் அப்படியே கிடக்கும். முப்பது வருடம் ஒரு மனிதர் காத்திருந்தது வந்தேவிட்டது, நான் பார்த்தேன், நான் மட்டும்தான் பார்த்தேன், அவரோ ரயில் வரவே இல்லை என்று பிளாட்பாரத்திலிருந்து எழுந்து போகிறார். அவர் நம்புவதற்கு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் நேற்றிலிருந்து ஒளித்து வைத்திருந்தேன்.

“மூடாதீங்க முசியே” என்றேன். இது கூழ்க் குரல் இல்லை. “நான் ஒண்ணு செஞ்சிட்டேன். வேலைக்கு வந்த முதல் மாசம் கீழ போயி எல்லா பாட்டிலையும் நிமிர்த்தி வச்சிட்டேன். ரெண்டு வருஷமா நின்னுதான் இருந்துச்சு. தப்புன்னு நேத்து நீங்க சொல்லித்தான் தெரியும். செத்துப்போயிருக்கும், நான்தான் கொன்னேன்னு நெனச்சிக்கிட்டேதான் வாயில வச்சேன்.” அவர் முகம் சிவந்தது. பாட்டிலைப் பார்த்தார், உடைந்த கார்க்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எல்லாத்தையுமா?” என்றார். “முப்பத்தொண்ணையும். தொடச்சி, லேபிள் தெரியற மாரி.” ஏன் என்று கேட்டார். எங்கள் வீட்டில் படுத்திருக்கிற பாட்டில் என்றால் குடித்து முடித்தது என்று அர்த்தம் என்றேன், அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவர் தொண்டையில் ஏதோ கிளம்பியது. சிரிப்பும் புரையேற்றமும் அவருக்கு ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும், நான் பாய்ந்து தலையை முன்னால் சாய்த்து முதுகைத் தாங்கினேன். சிரிப்பு இல்லை, புரையும் இல்லை. சும்மா மூச்சு வாங்கினார். என் கையைப் பிடித்துக்கொண்டே, விசாரணை செய்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். “செத்திருக்கும்னு நெனச்சுத்தான் குடிச்சீங்க.” ஆமாம் என்றேன். “பயந்துக்கிட்டே குடிச்சீங்க.” ஆமாம். “சாகல.” “இல்ல முசியே, சாகல. சத்தியமா சாகல.” பிறகு அவரே நோட்டைத் திறந்தார், நல்ல கையால், பக்கம் பக்கமாகத் தள்ளி. “எழுதுங்க” என்றார்.

என் பிரெஞ்சு எழுத்து மோசம் என்றேன். “உங்க நாக்கு எந்த மொழியில சொல்லிச்சோ அதுல எழுதுங்க” என்றார். ஒதீல் அம்மாவின் எண்ணுக்கு எதிரே தமிழில் எழுதினேன். சருகு, பெல்ட், அலமாரி, நாவல் பழம், இருபது. இடம் குறைந்துகொண்டே வந்தது. மேலே பதினொன்றாவதைப் பார்த்தேன், பார்த்துவிட்டுக் கடைசியாக, ‘வந்துவிட்டது’ என்று போட்டேன். படிக்கச் சொன்னார். படித்தேன், ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியாது, கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். மறுபடி ஒருமுறை என்றார். மறுபடி படித்தேன். அவர் உதடு லேசாக அசைந்தது, ருசி பார்க்கிற மாதிரி. கண்ணைத் திறக்காமலே, “சொலாஞ்ச் கிட்ட சொல்லாதீங்க, மிச்ச பாட்டிலையெல்லாம் எண்ண ஆரம்பிச்சுடுவா” என்றார். பிறகு, “நாளைக்குக் கீழ போயி மத்த முப்பதையும் படுக்க வச்சிடுங்க மதாம்” என்றார். சரி முசியே என்றேன். என் கோப்பையில் இன்னும் ஒரு வாய் இருந்தது, அதை எடுத்து மெதுவாகக் குடித்தேன். நிறைந்த பாட்டிலைப் படுக்க வைக்க என் கைக்குத் தெரியாது, நாளைக்குத்தான் அது கற்றுக்கொள்ள வேண்டும்.